பாதி வில்

வேகமாக வாசிக்கும்போது இராஜமாணிக்கத்தின் கை நடுங்குவதில்லை. மெதுவாக வாசித்தால்தான் நடுங்கியது.

கேட்பதற்கு இது தலைகீழாகத் தோன்றும். பொங்கல் விளையாட்டில் மெதுவாக சைக்கிள் ஓட்டும் போட்டி பார்த்தவர்களுக்குப் புரிந்துவிடும். வேகமாகப் போகும் சைக்கிள் தானே நிமிர்ந்து நிற்கும். கடைசியில் வருகிறவனுக்குத்தான் பரிசு என்று சொல்லிப் பாருங்கள், பழகிய கையும் தள்ளாடும். வயலின் வில்லும் அப்படித்தான். ஒரு நொடிக்கு நாலு ஸ்வரம் இழுக்கும்போது கையில் ஏதாவது நடுக்கம் இருந்தாலும் அந்த ஓட்டத்தில் கரைந்துவிடும். ஒரே ஸ்வரத்தைப் பத்து நொடிக்கு நீட்டும்போது கரைய இடமில்லை. வில் தந்தியின் மேல் லேசாகத் துள்ளும், ஒலி கிழியும்.

டிஸ்பென்சரி டாக்டர் கையை நீட்டச் சொன்னார், பேனாவைக் கொடுத்து எழுதச் சொன்னார், தண்ணீர் டம்ளரைத் தூக்கச் சொன்னார். எதிலும் நடுக்கம் இல்லை. "வில்லைப் பிடித்தால் மட்டும்தான் வருகிறதா?" என்று இந்தியில் கேட்டுவிட்டுச் சிரித்தார். "அப்படியென்றால் வில்லைப் பிடிக்காதீர்கள்." சில பேருக்கு அந்த ஒரு வேலையில் மட்டும் வருமாம், பயப்பட ஒன்றுமில்லையாம், மாத்திரைக்குக் கட்டுப்படலாம், படாமலும் போகலாமாம்.

அறுபத்துமூன்று வயதில் இராஜமாணிக்கத்துக்குப் பயப்பட ஒன்றே ஒன்றுதான் இருந்தது. டிசம்பர் மூன்றாம் ஞாயிறு, மாலை ஐந்து மணி, டெல்லி கோல் மார்க்கெட் பக்கத்து சர்ச் ஹால். அங்கே பழைய பாண்டு நண்பர் ஜெயபாலும் அவரும், இரண்டு வயலினுக்காக எழுதப்பட்ட கான்செர்ட்டோவை முழுதாக வாசிக்கப் போகிறார்கள்.

முழுதாக என்பது முக்கியம்.

இருவரும் ராணுவ பாண்டில் இருபத்துநாலு வருஷம் இருந்தவர்கள். ராணுவ பாண்டில் ஒவ்வொருவரும் இரண்டு வாத்தியம் படிக்க வேண்டும். ஒன்று நடந்துகொண்டே ஊதுவதற்கு, ஒன்று உட்கார்ந்து வாசிப்பதற்கு. வெயிலில் அணிவகுப்பு என்றால் இராஜமாணிக்கம் கிளாரினெட், ஜெயபால் யுஃபோனியம். ஆபீசர்ஸ் மெஸ்ஸில் விருந்து என்றால் இருவருக்கும் வயலின். இசைத் தாள் வைக்கும் ஸ்டாண்டு ஒன்றுக்கு இரண்டு பேர் என்பது கணக்கு. பச்மடியில் பயிற்சிக்குச் சேர்ந்த வாரமே உயரம் பார்த்து ஒரே ஸ்டாண்டில் உட்கார வைத்தார்கள். திண்டுக்கல்காரரும் திருநெல்வேலிக்காரரும் அன்றிலிருந்து ஒரே தாளைப் பார்த்துத்தான் வாசித்தார்கள்.

டெல்லி கன்டோன்மென்ட் மெஸ்ஸில் பாண்டு திரைக்குப் பின்னால் உட்காரும். ஆபீசர்கள் சாப்பிடுவார்கள். வாசிக்கிறவர்களுக்குத் தெரிவதெல்லாம் பச்சை வெல்வெட்டும், அதன் அடியில் தெரியும் பளபளக்கும் பூட்சுகளும்தான். காதில் விழுவது முள்கரண்டிச் சத்தமும் சிரிப்பும், மூக்கில் ஏறுவது வறுத்த கோழியின் வாசனை. சூப்புக்கு வால்ஸ் நடன மெட்டு, மீனுக்கு ஏதாவது சினிமாப் பாட்டு, கோழிக்கு அந்தக் கான்செர்ட்டோ. அது பாண்டு மாஸ்டரின் விருப்பம்.

அதில் மூன்று பகுதி. முதலாவது வேகம், இரண்டாவது மெதுவான நடை, மூன்றாவது மறுபடி வேகம். முதல் வயலின் ஒரு வரியைச் சொல்ல ஆரம்பிக்கும். அது முடிவதற்குள் இரண்டாவது வயலின் அதே வரியை வேறு சுருதிப் படியில் எடுத்துக்கொள்ளும். முதலாவது சும்மா இருக்குமா, பதில் சொல்லும். முன்னூறு வருஷத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் இதுதான் இசைக்காரர்களின் பெரிய சந்தோஷம். ஒரே பேச்சை இரண்டு வாய் துரத்தித் துரத்திப் பேசுவது. வேகமான பகுதியில் அது சண்டை போல இருக்கும். மெதுவான பகுதியில், ஒருவர் சொன்னதை மற்றவர் யோசித்துத் திருப்பிச் சொல்வது போல இருக்கும்.

அந்த மெதுவான பகுதி பாதியில் இருக்கும்போது சரியாகச் சாப்பாடு முடிந்துவிடும். மெஸ் ஹவில்தார் திரைக் கயிற்றை இரண்டு முறை இழுப்பார். நிறுத்து என்று அர்த்தம். ஆபீசர்கள் எழுந்து நின்று கோப்பையைத் தூக்கும் நேரம். எந்த ஸ்வரத்தில் இருந்தாலும் வில்லை எடுத்துவிட வேண்டும். ஒன்பது வருஷ விருந்துகளில் ஒரு தடவைகூட அந்தப் பகுதியின் கடைசிப் பக்கத்தை அவர்கள் வாசித்ததில்லை. தாளில் முதல் பக்கங்கள் விரல் பட்டுப் பழுத்திருக்கும், கடைசிப் பக்கம் மட்டும் அச்சகத்தில் இருந்து வந்த வெள்ளையோடு இருக்கும்.

ரிடையர் ஆனபின் ஜெயபால் முனிர்க்காவில் மாடிப் போர்ஷன் எடுத்தார். இராஜமாணிக்கத்தின் மனைவி அம்சவேணிக்கு மத்திய அரசு வேலை, ஆர்.கே.புரத்தில் குவார்ட்டர்ஸ். ஞாயிறுதோறும் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வயலின் பெட்டியோடு கோல் மார்க்கெட் போவார்கள். அங்கே பதினெட்டுப் பேர் கொண்ட ஒரு தந்தி வாத்தியக் குழு இருந்தது. பல் டாக்டர், வங்கி மேனேஜர், கல்லூரிப் பெண்கள் என்று எல்லாரும் ஆசைக்கு வாசிப்பவர்கள். நடத்துகிறவள் பிரியதர்ஷினி. லக்ஷ்மிபாய் நகரில் பிறந்து வளர்ந்தவள், முப்பத்திரண்டு வயது, வெளிநாட்டில் இசை படித்துவிட்டுத் திரும்பியவள். தமிழ் பேசுவாள், பாதி தூரம் வந்ததும் இந்திக்குத் தாவிவிடுவாள்.

நவம்பரில் அவள்தான் அறிவித்தாள்.

"சுனியே, எல்லாரும் கேளுங்க. கான்செர்ட்டோ முடியும். கிளாப் கிடையாது, இன்டர்வெல் கிடையாது. அதே நோட்ல புது பீஸ் ஸ்டார்ட் ஆகும். சோலோ அதே ரெண்டு அங்கிள். நடுவுல ஆள் மாத்துனா மேஜிக் போயிடும்."

புதுப் பாட்டு பால்டிக் கடலோரத்துச் சின்ன நாடொன்றில் இன்றைக்கும் உயிரோடு இருக்கும் ஒரு அம்மாள் எழுதியது. மடாலயத்துப் பிரார்த்தனைப் பாடலைக் கேட்டு எழுதியதாம். தாளைப் பார்த்த வங்கி மேனேஜர், "இதில் ஒன்றுமே இல்லையே?" என்றார். பக்கத்துக்குப் பத்து ஸ்வரம்கூட இல்லை.

பிரியதர்ஷினி வாதம் செய்யவில்லை. கான்செர்ட்டோவின் மெதுவான பகுதியை எடுக்கச் சொன்னாள். வயலின்களை எல்லாம் மடியில் வைக்கச் சொன்னாள். செல்லோக்கள் மட்டும் அடிநாதத்தை வாசிக்க வேண்டும், அதுவும் பாதி வேகத்தில். வாசித்தார்கள். மேலே இருந்த பேச்செல்லாம் போய், கீழே ஒருவர் ஒவ்வொரு படியாக இறங்கும் சத்தம் மட்டும் கேட்டது. அதை நிறுத்தாமலேயே புதுப் பாட்டின் முதல் பக்கத்தைக் காட்டினாள். செல்லோக்காரர்கள் தொடர்ந்தார்கள். எங்கே பழையது முடிந்தது, எங்கே புதியது தொடங்கியது என்று இராஜமாணிக்கத்துக்குத் தெரியவில்லை.

புதுப் பாட்டு செய்யப்பட்டிருக்கும் விதம் எளிமையானது. இரண்டு சோலோ வயலினும் சேர்ந்து ஒரே வரியை வாசிக்கும், படிப்படியாக, அவசரமில்லாமல். மற்றவர்களுக்கு மூன்றே ஸ்வரம். ஆற்றில் மூன்று கல் கிடக்கிறது, அவற்றின் மேல்தான் கால் வைக்கலாம் என்பது போல. வயலின் எங்கே போனாலும், அதற்குப் பக்கத்தில் இருக்கும் கல்லுக்கு அவர்கள் தாவுவார்கள். அதனால் சில இடங்களில் இரண்டும் இனிமையாகச் சேரும், சில இடங்களில் லேசாக உரசும். மணி அடித்து முடிந்தபின் காற்றில் ஒரு அதிர்வு நிற்குமே, அதே மாதிரி ஓர் அதிர்வு அந்த உரசலில் வரும்.

இராஜமாணிக்கத்துக்குப் பிடித்திருந்தது. முதல் ஸ்வரத்தை இழுத்தார். வில் பாதி தாண்டியதும் துள்ளியது.

பிரியதர்ஷினி கையை உயர்த்தினாள். "அங்கிள், வைப்ரேட்டோ வேண்டாம். பிளெய்ன். பில்குல் பிளெய்ன்."

வைப்ரேட்டோ என்பது இடது கை விரலை அசைத்து ஸ்வரத்துக்கு அலை கொடுப்பது. அவள் அதுதான் என்று நினைத்துவிட்டாள். இராஜமாணிக்கம் தப்பித்த நிம்மதியோடு, "பாண்டுப் பழக்கம்மா. சரி பண்ணிக்கிறேன்" என்றார்.

அடுத்த இரண்டு ஞாயிறும் சரியாகவில்லை. வில்லில் தேய்க்கும் ரோசினைக் குறைத்துப் பார்த்தார், வில்லை அழுத்திப் பிடித்தார், தளர்த்திப் பிடித்தார். மூன்றாவது ஞாயிறு அவள் அவரைத் தனியாக ஜன்னல் பக்கம் கூப்பிட்டாள். கஷ்டப்பட்டு முழுத் தமிழில் பேசினாள்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. இந்தப் பாட்டுல ஒளிய இடமே இல்ல. அடுத்த வாரமும் இப்படி இருந்தா மஞ்சு வாசிக்கட்டும். ரெண்டு பீஸும். பிரிக்க முடியாது அங்கிள்."

மஞ்சு முதல் வரிசைக் கல்லூரிப் பெண். நன்றாக வாசிப்பாள். அதைத்தான் இராஜமாணிக்கத்தால் தாங்க முடியவில்லை, மறுப்பு சொல்ல ஒரு காரணம்கூட இல்லாதது.

வீட்டில் அம்சவேணி ஸ்வெட்டரோடு கட்டிலில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு பாட்டையும் பற்றி அவர் விளக்கி முடிக்கும்வரை கேட்டாள்.

"மொதப் பாட்டுல நெறையப் பேசுவாங்க, ரெண்டாவதுல ஒண்ணுமே பேச மாட்டாங்க. அதானே?"

"அப்படிச் சொல்லலாம்."

"எங்க ஆபீஸ் ஃபைல் மாதிரிதான். நோட்டிங் நாப்பது பக்கம் ஓடும். நான் எழுதுவேன், அண்டர் செக்ரட்டரி எழுதுவாரு, அவரு சொன்னதை நான் மறுத்து எழுதுவேன். கடைசில ஆர்டர் ஒரு வரி. கையெழுத்துப் போட்டா ஆபீஸே அமைதியாயிரும்." பட்டாணித் தோலை முறத்தில் தள்ளினாள். "அந்தப் பொண்ணுகிட்ட கையி நடுங்குதுன்னு சொன்னீங்களா?"

"இல்ல."

"ஜெயபால் அண்ணன்கிட்ட?"

"சொன்னா உடனே பரிதாபப்படுவான். அவனோட பரிதாபத்தைப் பக்கத்துல வச்சுக்கிட்டு என்னால வாசிக்க முடியாது."

"அப்ப மஞ்சு வாசிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். கோபமாக இல்லை. ஃபைலை மூடும் குரலில் சொன்னாள்.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு ஜெயபால் வந்தார், கையில் வேர்க்கடலைப் பொட்டலத்தோடும் வயலினோடும். மலை மந்திர் பக்கத்துப் பூங்காவில் வெயில் விழும் பெஞ்சு ஒன்று இருக்கிறது, டிசம்பரில் அதற்கு அடிதடி. இருவரும் வயலின் பெட்டியோடு இடம் பிடித்து உட்கார்ந்தார்கள்.

"எத்தன மாசமா வே நடுங்குது?" என்றார் ஜெயபால், கடலையை உடைத்துக்கொண்டே.

இராஜமாணிக்கம் பொட்டலத்தில் இருந்து ஒரு கடலையை எடுத்து உடைத்தார்.

"நாப்பது வருசமா உம்ம பக்கத்துல உக்காந்திருக்கேன். உம்ம மூஞ்சிய நான் எப்ப பாத்தேன்? உம்ம வில்லு முனையத்தான பாக்கேன். மே மாசத்துலேருந்து அது தந்தி அடிக்கி."

"தெரிஞ்சு ஏன்யா சொல்லல?"

"நீரா சொல்லுவீருன்னு பாத்தேன். கல்லுளிமங்கன்லா நீரு." ஜெயபால் கடலைத் தோலை ஊதினார். "எங்க நடுங்குது? எடுத்த உடனேயா?"

இராஜமாணிக்கம் வயலினை எடுத்துக் காட்டினார். வில்லின் அடியில், கைப்பிடிப் பக்கம், ஒலி கண்ணாடி போல இருந்தது. கை வெளியே நீள நீள, நடு தாண்டி முனைப் பக்கம் போகும்போது துள்ளல் தொடங்கியது. ஜெயபால் மூன்று முறை வாசிக்கச் சொன்னார். வில்லில் எந்த இடம் என்று விரலால் தொட்டுப் பார்த்தார்.

"பாதி வில்லு நல்லா இருக்குவே."

"பாதி வச்சு என்ன பண்றது? அஞ்சு நொடியில தீந்துரும். திருப்புனா கேக்கும்."

வில்லை ஒரு பக்கம் இழுத்து முடித்து மறுபக்கம் திருப்பும்போது ஒலியில் ஒரு மடிப்பு விழும். எவ்வளவு பழகிய கையானாலும் முற்றிலும் மறையாது. அதனால்தான் இரண்டு பேரும் ஒரே நொடியில் திருப்பும்படி பிரியதர்ஷினி தாளில் குறித்துக் கொடுத்திருந்தாள். பத்து நொடிக்கு ஒரு மடிப்பு, இருவருக்கும் ஒன்றாக.

"ஜனவரியில பரேட் கிரவுண்டுல கடைசி ஸ்வரத்த எப்படிவே நிறுத்தாம ஊதினோம்?" என்றார் ஜெயபால். "சல்யூட்டு எறங்குற வரைக்கும் போகணும். ஒருத்தர் மூச்சு அம்புட்டு தூரம் வருமா?"

வராது. அதனால் பாண்டில் ஒரு ஏற்பாடு உண்டு. பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறவர்கள் ஒரே நேரத்தில் மூச்சு எடுக்கக் கூடாது. நீ எடுக்கும்போது நான் ஊதிக்கொண்டிருப்பேன், நான் எடுக்கும்போது நீ. நாற்பது பேர் நாற்பது இடத்தில் மூச்சு எடுப்பார்கள், மேடையில் நிற்கிறவருக்கு முடிவே இல்லாத ஒரே ஒலி போய்ச் சேரும். ஊதும் வாத்தியத்தில் இருவரும் இதை ஆயிரம் முறை செய்திருக்கிறார்கள். வில்லில் செய்யத் தோன்றவே இல்லை, ஏனென்றால் வில் எல்லாம் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்க வேண்டும் என்பது பாண்டு மாஸ்டர் போட்ட சட்டம். திரைக்குப் பின்னால்கூட அவர் அதை விட்டுக்கொடுத்ததில்லை.

பெஞ்சில் உட்கார்ந்தபடியே முயன்றார்கள். இராஜமாணிக்கம் அடிப் பாதியில் மட்டும் போய்த் திரும்பினார். அவர் திரும்பும் நொடியில் ஜெயபாலின் வில் நட்ட நடுவில் ஓடிக்கொண்டிருந்தது. ஜெயபால் நீண்ட வில்லை முடித்துத் திரும்பும்போது இராஜமாணிக்கம் பாதி வழியில் இருந்தார். மடிப்புகள் ஒன்றின் அடியில் ஒன்று போய் ஒளிந்துகொண்டன. பக்கத்துப் பெஞ்சில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்த பஞ்சாபி அம்மாள், ஏதோ இயந்திரம் ஓடுகிறதென்று நினைத்துச் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"ரெண்டு பேரும் ஒரே நேரத்துல திருப்பினா மட்டும் தொலஞ்சோம்" என்றார் ஜெயபால். "நீரு என் வில்லப் பாக்கணும், நான் உம்ம வில்லப் பாக்கணும். தாளப் பாக்கப் பிடாது."

"தாளுல என்ன இருக்கு, ஒண்ணுமே இல்லியே."

அந்த வாரம் முழுக்க அந்தப் பெஞ்சுதான்.

ஞாயிறன்று இரண்டாவது வரியிலேயே பிரியதர்ஷினி குச்சியைத் தாழ்த்திவிட்டாள். "ஒரு நிமிஷம். போவிங் ஏன் இப்படி, வில்லு தனித்தனியா போகுது? நான் மார்க் பண்ணியிருக்கேனே."

ஜெயபால் வாயைத் திறந்தார். இராஜமாணிக்கம் அவருடைய முழங்காலைத் தட்டி நிறுத்தினார்.

"என் கை நடுங்குதும்மா" என்றார். பதினேழு பேருக்கும் கேட்கும்படிதான் சொன்னார். "வைப்ரேட்டோ இல்ல, நடுக்கம். மே மாசத்துலேருந்து இருக்கு. பாதி வில்லுக்கு மேல போனா வரும். அதனால நான் பாதிதான் இழுக்கிறேன். மிச்சத்த அவன் பாத்துக்கிறான். நீ கண்ணால பாக்காத. பின்னால போய்க் கேளு. கேட்டுட்டு மஞ்சு வாசிக்கணும்னு சொன்னா, வாசிக்கட்டும்."

அவள் ஹாலின் கடைசி வரிசைக்குப் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். குழு தானாகவே வாசித்தது. முதல் பக்கம், இரண்டாம் பக்கம். முடிந்ததும் அவள் எழுந்தாள்.

"என் மார்க்கிங்கை அழிச்சிடுங்க" என்றாள் முன்னால் வந்து. பிறகு வயலினைவிடச் சற்றே பெரிய வயலாக்களின் வரிசையைப் பார்த்து, "ஆப் லோக் பீ. நீங்களும்தான், எல்லாரும் தனித்தனியா திருப்புங்க. அந்த மடிப்பு எனக்கு எங்கயும் கேக்கக் கூடாது" என்றாள். கடைசிப் பக்கத்தில் மட்டும் விரலை வைத்து நிறுத்தினாள். "இங்க கவர் பண்ண ஆள் கிடையாது. முதல் வயலின் நிக்கும், ரெண்டாவது மட்டும் தனியா எட்டு பார், எட்டு தாளச் சுத்து. அது ஜெயபால் அங்கிள். ஓகே?"

ஓகே என்றார்கள்.

டிசம்பர் மூன்றாம் ஞாயிறு பனிமூட்டத்தோடு விடிந்தது. மாலை ஹாலில் நூற்றிருபது பேர். டெல்லி டிசம்பர், அதனால் நூற்றிருபது இருமல். ஒரு வரிசையில் அடங்கினால் அடுத்ததில் தொடங்கும். மூன்றாவது வரிசை ஓரத்தில் அம்சவேணி சால்வை போர்த்தி உட்கார்ந்திருந்தாள். தங்களைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் முகங்களுக்கு முன்னால் இராஜமாணிக்கமும் ஜெயபாலும் இதற்கு முன் வயலின் வாசித்ததில்லை. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் இருவரும் ஒருவரின் வில்லை ஒருவர் பார்த்தார்கள்.

வேகமான பகுதி துரத்தலாகப் போனது. ஜெயபால் ஒரு இடத்தில் முந்தினார், இராஜமாணிக்கம் அடுத்த வரியில் பழிவாங்கினார். மெதுவான பகுதி வந்தது. மெஸ்ஸில் எங்கே கயிறு அசையுமோ அந்த இடத்தை நெருங்கியபோது அவருடைய தோள் தன்னால் இறுகியது. வில்லை எடுக்கத் தயாராகும் பழைய இறுக்கம். அந்த இடம் வந்தது, போனது. ஜெயபால் பக்கத்தைத் திருப்பினார். ஒத்திகையில் வாசித்ததுதான், ஆனாலும் அதன்பின் வந்த ஒவ்வொரு வரியும், முப்பது வருஷமாக வாசலைத் தாண்டிப் போயும் நுழையாத ஒரு வீட்டுக்குள் நடப்பது போல இருந்தது. இங்கே ஒரு திருப்பம், இங்கே வெளிச்சம், இரண்டு வயலினும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கும் அந்த முற்றம். எழுதினவன் நன்றாகத்தான் கட்டியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டார்.

மூன்றாம் பகுதி முடிந்த ஸ்வரத்திலேயே புதுப் பாட்டு தொடங்கியது. பாதி வில், திருப்பம், பாதி வில். பக்கத்தில் ஜெயபாலின் நீண்ட வில் படகுத் துடுப்பு போல வந்து போய்க்கொண்டிருந்தது. மூன்று கற்களின் மேல் மற்றவர்கள் தாவினார்கள். உரசலும் இனிமையுமாக ஹால் மெல்ல நிரம்பியது.

கடைசிப் பக்கம். இராஜமாணிக்கம் நிற்க இன்னும் நாலு எண்ண வேண்டும். மூன்று எண்ணும்போது பக்கத்துச் சத்தம் நின்றுவிட்டது.

ஜெயபாலின் வில் அவர் மடியில் இருந்தது. அவர் நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

யோசிக்க நேரமில்லை. இவரும் எடுத்துவிட்டால் பாட்டு எட்டு பார் முன்னாலேயே அறுந்துவிடும். பாதி தாண்டி இழுத்தார். நடுக்கம் வந்தது. அவர் வழிவிட்டார். வில் முனைவரை போயிற்று, திரும்பியது, மடிப்பு விழுந்தது, கேட்டது. மறுபடி நடுங்கிக்கொண்டே வந்தது. வயலாக்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. செல்லோவும் ஓய்ந்தது. ஒற்றை ஸ்வரம் மட்டும் நடுங்கியபடி மெலிந்து மெலிந்து, தந்தியில் வில்லின் ரோமம் உரசும் சத்தமாகி, அதுவும் இல்லாமல் போனது. அப்போதும் வில் நகர்ந்துகொண்டிருந்தது.

பிரியதர்ஷினியின் கை இறங்கவில்லை. ஹாலில் யாரும் அசையவில்லை.

அவள் கையை இறக்கியதும் முதலில் வந்தது கைதட்டல் இல்லை. இருமல். அதுவரை தொண்டையில் அடக்கி வைத்திருந்த நூற்றிருபது பேரும் ஒன்றாக இருமினார்கள். பிறகு, அதை நினைத்துச் சிலர் சிரித்தார்கள், பிறகுதான் கை தட்டினார்கள்.

தலை குனிந்து வணங்கும்போது இராஜமாணிக்கம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். "ஏன்யா விட்ட?"

"வில்லு தீந்து போச்சுவே."

"பொய்யி."

"பொய்தான்" என்றார் ஜெயபால், இன்னொரு முறை குனிந்து. "முழு வில்லயும் நீரு இழுத்துப் பாக்கணும்லா. நிமிரும். உம்ம பெஞ்சாதி எந்திரிச்சு நிக்கா பாரும்."